ஜப்பானில் அறிமுகமாகும் கார் கொழும்புக்கு வருமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சித்தியின் மகனோடு கொஹுவலையில் ஒரு கார் விற்பனை நிலையத்துக்குப் போயிருந்தேன். முற்றத்தில் ஏழெட்டுக் கார்கள் இலக்கத் தகடு இல்லாமல் நின்றன. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. தம்பி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தான். நான் ஓக்ஷன் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன்.

ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் எழுதப்படும் பரிசோதனைத் தாள் அது. மேல் மூலையில் தரப்புள்ளி 4.5 என்று இருந்தது. கீழே காரின் கோட்டோவியம். முன் கதவின் மேல் ஏ1, பின் பம்பரின் மேல் யூ1. ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு. பக்கத்திலுள்ள எண் கூடக் கூடக் காயம் பெரிது. ஆண்டுக் கட்டத்தில் ஆர்5 என்று இருந்தது. ஜப்பானியர் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு ஆண்டை எண்ணுகிறவர்கள். ரெய்வா ஐந்தாம் ஆண்டு என்றால் 2023.

திரும்பி வரும் வழியில் தம்பி கேட்டான்: "அண்ணா, புது மொடல்கள் எல்லாம் வரப்போகின்றனவாம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன?"

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கார் வாங்கக் காசு சேர்க்கும் குடும்பங்கள் இன்று கேட்கும் கேள்வி இதுதான். டோக்கியோவில் ஒரு கார் மேடையேறினால் அன்று மாலையே அதன் படம் நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அந்தக் கார் கொழும்பின் காலி வீதிக்கு வருமா, வந்தால் என்ன விலைக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் வேறு. இலங்கைச் சுங்கத்தின் வரி அட்டவணையில் கார் எந்த வரிசையில் விழுகிறது என்று தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

முதலில் கொஞ்சம் பின்கதை. 2020 மார்ச்சில், கொரோனாவும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் ஒன்றாக வந்தபோது, அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சில மாதங்களுக்கு என்று எண்ணியது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தது. இடையில் 2022 வந்தது: நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் மாதத்தில் லீற்றர் 470 ரூபாயானது. புதிய கார் வராத நாட்டில் பழைய காருக்கு விலை ஏறிக்கொண்டே போனது. ஐந்து ஆண்டு ஓட்டிய சிறிய கார் ஒன்றை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது.

ஆனால் பழைய அகலத்துக்குத் திறக்கவில்லை. முதல் கட்டுப்பாடு வயது. பாவித்த கார் ஒன்றைக் கொண்டுவருவதானால், உற்பத்தித் திகதியிலிருந்து மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. இதன் தாக்கத்தை விளங்கிக்கொள்ள ஜப்பானின் ஷாகென் முறையை அறிந்திருக்க வேண்டும். ஷாகென் என்பது அங்குள்ள கட்டாய வாகனப் பரிசோதனை. புதிய காருக்கு முதல் பரிசோதனை மூன்றாவது ஆண்டில், அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. செலவு பிடித்த வேலை என்பதால் முதல் ஷாகென் நெருங்கும்போது காரை மாற்றிவிடும் ஜப்பானியர் ஏராளம். அதனால் ஏலத்துக்குக் கார்கள் குவிவது மூன்றாம் ஆண்டின் முடிவில். நம் எல்லையும் அதே மூன்று ஆண்டுதான். அப்படிக் குவிகிற கார்களை ஏலத்தில் எடுத்து, கப்பலேற்றுவதற்குள் வயது கடந்துவிடும். ஆகவே நமக்கு வருபவை ஓராண்டு, இரண்டாண்டு மட்டுமே ஓடிய, ஜப்பானிலேயே விலை இறங்காத கார்கள். கொஹுவலையில் பார்த்த பிளாஸ்டிக் உறைக்குக் காரணம் அதுதான்.

ஏல விலை யென்னில் இருப்பதால் நாணய மாற்றுத்தான் காரை ஏற்றிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது பாதி உண்மை கூட இல்லை. ரூபாய் விழுந்த அதே காலத்தில் யென்னும் விழுந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு யென் ஏறத்தாழ 1 ரூபாய் 75 சதம். 2025இல் ஏறத்தாழ 2 ரூபாய். ஏற்றத்தின் பெரும்பகுதி வரியில் இருக்கிறது.

அந்த வரியை ஒரு காரை வைத்தே பார்ப்போம். 1,490 சிசி எஞ்சின் கொண்ட ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. டொயோட்டா யாரிஸ் குரொஸ், அக்குவா போன்றவை இந்த வகை. கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்துத் துறைமுகத்தில் அதன் பெறுமதி 50 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி திறந்தபோது அறிவிக்கப்பட்ட வீதங்களின்படி, சுங்க வரி 20 சதவீதம், அந்த வரியின் மேல் 50 சதவீத மேலதிக வரி: இரண்டும் சேர்ந்து 15 இலட்சம். அடுத்தது உற்பத்தி வரி. 1,300 சிசிக்கும் 1,500 சிசிக்கும் இடைப்பட்ட பெற்றோல் ஹைபிரிட்டுக்கு ஒரு சிசிக்கு 3,450 ரூபாய். 1,490ஐப் பெருக்கினால் 51 இலட்சத்து 40 ஆயிரத்து 500 ரூபாய். காரின் பெறுமதியைவிட இந்த ஒரு வரி கூடுதல். இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையின் மேல் 18 சதவீதம் பெறுமதி சேர் வரி, அதாவது மேலும் 20 இலட்சத்துக்கு மேல். விற்பவரின் இலாபம் சேர்வதற்கு முன்பே கார் ஒரு கோடியே 35 இலட்சத்தைக் கடந்துவிடுகிறது. ஹைபிரிட்டின் பெறுமதி 55 இலட்சத்தை மீறினால் மீறிய பகுதியின் மேல் 80 சதவீதம் சொகுசு வரியும் உண்டு. பெற்றோல் காருக்கு அந்த எல்லை 50 இலட்சம், மின்சாரக் காருக்கு 60 இலட்சம்.

இப்போது பக்கத்து வரிசையைப் பாருங்கள். 996 சிசி டர்போ எஞ்சின் கொண்ட டொயோட்டா ரைஸ். ஆயிரம் சிசிக்குட்பட்ட பெற்றோல் காருக்கு ஒரு சிசிக்கு 2,450 ரூபாய் என்ற வீதத்தில் உற்பத்தி வரி 24 இலட்சத்து 40 ஆயிரத்து 200. எஞ்சினில் அரை லீற்றர் வித்தியாசம். உற்பத்தி வரியில் 27 இலட்சம் வித்தியாசம். கொழும்பில் ரைஸ் ஏன் இத்தனை ஓடுகிறது என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே கிடைக்கும்.

இதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. 1,500 சிசி ஹைபிரிட், ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தில் அந்த டர்போ எஞ்சினை எளிதாக முந்துகிறது. ஒரு கார் இந்த நாட்டில் பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடும். அத்தனை ஆண்டுக்கும் அதற்கான பெற்றோலை டொலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசையில் இரவு முழுவதும் காத்திருந்த நாடு, குறைவாகக் குடிக்கும் காருக்குக் கூடுதல் வரி போடுவது சரியல்ல. அரசாங்கத்தின் பக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தில் வருமான இலக்குகள் இருக்கின்றன. சிசியை அளப்பது எளிது. சுங்கத்தின் 2025 வருமானத்தில் வாகன வரி பெரும் பங்கு வகித்தது. அப்படியிருந்தும் அளவுகோலை எஞ்சினின் பருமனிலிருந்து எரிபொருள் செலவுக்கு மாற்றும் பேச்சையாவது தொடங்க வேண்டிய காலம் இது.

சிசியை அளப்பது எளிது என்றேன். மின்சாரக் காரில் அந்த எளிமை போய்விடுகிறது. அதற்கு உற்பத்தி வரி மோட்டாரின் வலுவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஓராண்டுக்குட்பட்ட காருக்கு, 50 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 18,100 ரூபாய். 50க்கு மேல் 100 வரை 24,100. 100க்கு மேல் 200 வரை 36,200. அதற்கு மேல் 96,600. எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடிய வீதம் என்று எண்ணிவிடக் கூடாது. தாண்டிவிட்டால் முதல் கிலோவாட்டிலிருந்தே கூடிய வீதம்தான்.

பெற்றோல் எஞ்சினின் 1,490 சிசி என்பது இரும்பில் குடைந்த பருமன். கழற்றி அளக்கலாம்; யாரும் மாற்றிவிட முடியாது. மின்மோட்டாரின் கிலோவாட் அப்படிப்பட்டதல்ல. ஒரே மோட்டாரை 150 கிலோவாட் வரை போக விடுவதும் 100இல் நிறுத்துவதும் பெரும்பாலும் மென்பொருளின் வேலை. 2025இல் சீனாவின் பிவைடி நிறுவனத்தின் அட்டோ 3 கார்களைச் சுங்கம் தடுத்து வைத்தபோது எழுந்த கேள்வி இதுதான். உலகச் சந்தையில் அந்தக் கார் 150 கிலோவாட் மோட்டாரோடு அறியப்பட்டது. இங்கே 100 கிலோவாட் என்று அறிவிக்கப்பட்டு வந்தது. 100 என்றால் உற்பத்தி வரி 24 இலட்சத்து 10 ஆயிரம். 150 என்றால் 54 இலட்சத்து 30 ஆயிரம். ஒரு காருக்கு 30 இலட்சம் ரூபாய் வித்தியாசம். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வங்கி உத்தரவாதத்தின் பேரில் கார்களை விடுவிக்கும் ஏற்பாடும் வந்தது. முன்பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப வாதமாக இருந்திருக்காது. எந்த ஆய்வுகூடத்தில், எந்த முறையில் மோட்டார் வலுவை அளப்பது என்பதை வர்த்தமானியிலேயே தெளிவாக எழுதிவிட்டால் அடுத்த கப்பலுக்கு இந்தச் சிக்கல் வராது. எஞ்சின் மின்னாக்கியாக மட்டும் இயங்கிச் சக்கரத்தை மோட்டார் சுழற்றும் ஹைபிரிட் வகைக்கும் இங்கே கிலோவாட் கணக்குத்தான். ரைஸின் ஹைபிரிட் அந்த இனம்.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, வரவிருக்கும் கார்களைப் பார்ப்போம்.

சுசுகியின் முதல் முழு மின்சாரக் கார் இ-விட்டாரா. 2025 ஆகஸ்டில் இந்தியாவின் குஜராத் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கி, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புவதாக அறிவிக்கப்பட்டது. பக்கத்து நாட்டில் தயாராகிறது, வலப்பக்கச் சுக்கான், நம்மவர் நம்பும் பெயர். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சிறிய பற்றரி கொண்ட வகையின் மோட்டார் 106 கிலோவாட். 36,200ஆல் பெருக்கினால் 38 இலட்சத்து 37 ஆயிரத்து 200. அதே மோட்டார் 100இல் நின்றிருந்தால் 24 இலட்சத்து 10 ஆயிரம். ஆறு கிலோவாட்டின் விலை 14 இலட்சம். இலங்கைக்கென்று 100 கிலோவாட் வகையொன்றை அனுப்புமாறு விநியோகஸ்தர்கள் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். கேட்டால் அட்டோ 3இன் கேள்வி மீண்டும் எழும்.

நிசானின் மூன்றாம் தலைமுறை லீஃப் 2025 ஜூனில் வெளியானது. உயரமான உடலமைப்பு, நீண்ட ஓட்டம், மோட்டாரோ 100 கிலோவாட்டுக்கு நன்றாக மேலே. நிசானே இப்போது சுருங்குகிற நிறுவனம். ஹொண்டாவோடு இணையும் பேச்சு 2024 டிசம்பரில் தொடங்கி 2025 பெப்ரவரியில் முறிந்தது. பிறகு 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 17 தொழிற்சாலைகளை 10 ஆக்குவதாகவும் அறிவித்தது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் செய்தி ஏன் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. டொயோட்டாவின் புதிய ராவ்4 ஹைபிரிட்டாகவும், வெளியிலிருந்தும் மின்னேற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட்டாகவும் மட்டுமே வருகிறது. நம் சிசிக் கணக்கில் அது எட்டாத உயரம். முகம் மாறிய அக்குவாவுக்கு எஞ்சின் பழைய 1,490 சிசிதான், ஆகவே உற்பத்தி வரியிலும் மாற்றமில்லை.

என்னை நின்று பார்க்க வைப்பவை ஜப்பானின் கெய் கார்கள். வெகன் ஆர் இந்த இனம்தான் என்பதால் நமக்கு அறிமுகம் தேவையில்லை: நீளம் 3.4 மீற்றருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள், வலு 64 குதிரைவலுவுக்குள். அந்த 64 குதிரைவலு கிலோவாட்டில் 47. கெய் வகை மின்சாரக் கார்களும் அதே வரம்பிலேயே நிற்கின்றன. நம் அட்டவணையின் முதல் படி 50 கிலோவாட். 47ஐ 18,100ஆல் பெருக்கினால் 8 இலட்சத்து 50 ஆயிரத்து 700 ரூபாய். இந்த வீதங்களில் இவ்வளவு குறைந்த உற்பத்தி வரியில் வரக்கூடிய ஜப்பானியக் குடும்பக் கார் வேறொன்று என் கண்ணில் படவில்லை. ஓராண்டைக் கடந்த மின்சாரக் காருக்கு வீதம் கூடிவிடும் என்பதால் புதிதாகவோ மிகக் குறைவாக ஓடியதாகவோ எடுக்க வேண்டும்.

இந்த இனத்தில் 2022இல் வந்த நிசான் சகுரா ஒரு மின்னேற்றத்துக்கு 180 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லப்பட்டது. 2025 செப்டெம்பரில் விற்பனைக்கு வந்த ஹொண்டா என்-வன் இ அதை 295 ஆக்கியது. 2025 ஒக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் சுசுகி விஷன் இ-ஸ்கை என்ற மாதிரியைக் காட்டியது. ஓட்டம் 270 கிலோமீற்றருக்கு மேல், உற்பத்தி 2026 நிதியாண்டுக்குள் என்பது திட்டம். அதே கண்காட்சியில் பிவைடியும் ரக்கோ என்ற கெய் காரோடு வந்து நின்றது, 2026இல் ஜப்பானில் விற்பதாகச் சொல்லி. ஜப்பானியரின் வீட்டு முற்றத்துக்கே சீன நிறுவனம் வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். 2025இல் முழு மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவை முந்திய நிறுவனம் அது. போட்டி கூடினால் விலை இறங்கும். இறங்கவும் வேண்டும், ஏனென்றால் 2025இல் சகுரா, என்-வன் இ இரண்டும் ஜப்பானிலேயே 25 இலட்சம் யென்னுக்கு மேல் இருந்தன. வரி குறைந்தாலும் அடி விலை கனக்கிறது.

இன்னொரு கேள்வியை நம் வீடுகளில் எல்லோரும் கேட்பார்கள்: யாழ்ப்பாணம் போய்ச் சேருமா? கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், குளிரூட்டி ஓட, பெட்டிகளோடு புறப்பட்டால் 295 என்று எழுதியிருப்பது 295 ஆக இருக்காது. வழியில் அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ நின்று மின்னேற்ற வேண்டும். நாள்தோறும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் முப்பது கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு ஆண்டில் இரண்டு பயணம் ரயிலில் போவது பெரிய காரியமா என்று நான் கேட்பேன். தம்பிக்கு அது பெரிய காரியம். ஊருக்குச் சொந்தக் காரில் போய் இறங்குவதற்கு அவனிடம் தனிக் கணக்கு இருக்கிறது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை.

காசுப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வாகன இறக்குமதிக்கான டொலர் எதிர்பார்த்ததைவிட வேகமாக வெளியேறியதால், மத்திய வங்கி லீசிங்கை இறுக்கியது. 2025 ஜூலையில் கார்களுக்கு அதன் பெறுமதியில் 60 சதவீதம் வரை கடன் தரலாம் என்று வரையறுத்தது. நவம்பரில் அதை 50 ஆக்கியது. ஒரு கோடியே 40 இலட்சம் ரூபாய்க் காருக்கு 70 இலட்சம் கையில் வேண்டும். விற்பவருக்கும் நெருக்கடி உண்டு: இறக்குமதி செய்து 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் துறைமுகப் பெறுமதியில் மாதம் 3 சதவீதம் தண்டம். எண்பதாவது நாளில் நிற்கும் காருக்குப் பேரம் பேச இடமிருக்கும். எந்தத் திகதியில் சுங்கத்திலிருந்து வெளியே வந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. காரைத் தங்கம் போல வாங்கி வைத்தால் விலை ஏறும் என்ற எண்ணம் தடைக்காலம் கற்றுத் தந்தது. இறக்குமதி திறந்திருக்கும் வரை, வரி ஒரு படி இறங்கினாலும் வாங்கிய கார் அன்றே விலை இறங்கும். அந்த நம்பிக்கையில் மட்டும் யாரும் கடன் எடுக்க வேண்டாம்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதி. பெற்றோல் அல்லது ஹைபிரிட் எடுப்பதானால் பொறுத்துப் பயனில்லை. முகம் மாறும், சிசி மாறாது, வரியும் அதே வரிசையில் இருக்கும். மின்சாரம் என்றால் பொறுக்கலாம், கெய் கார்கள் இன்னும் இரண்டு மூன்று வரட்டும். ஆனால் அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது.

அவன் இருப்பது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில். கார்கள் கீழ்த்தளத்தில் நிற்கின்றன. அங்கே ஒரேயொரு மின்செருகி. தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், பொது மீற்றரில் ஓடுவது. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் மின்சாரக் கார் வாங்கி, இரவில் அதில் வயரை மாட்டப்போய், மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்று கூட்டத்தில் வாக்குவாதம் ஆயிற்று. தனித்தனி மீற்றர் வைப்பதா, பிரதான வயர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்க்க மின்பொறியியலாளர் ஒருவரை அழைக்கலாம் என்று கடைசியில் முடிவானது. செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெயர் எழுதுவதற்காக மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று நான் போனபோது அதில் ஆறு பெயர்கள் இருந்தன. ஆறாவது தம்பியின் பெயர்.